பெரிய வீதிப் பங்காளிகளுக்கு: கூரை ஓட்டுக்கும் ஒரு புள்ளி வரி

உ
சிவமயம்

நம் செட்டிநாட்டு ஊர்ப் பெரிய வீதியில் வீடு வைத்திருக்கும் நகரத்தார் புள்ளிகள் (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) எல்லாருக்கும், சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் ஆச்சிமாருக்கும், காரைக்குடியிலிருந்து பங்காளி ஒருவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். வீடு மட்டும் நலமாக இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி காவல்காரர் போன் செய்தார். "ஐயா, ரெண்டாங்கட்டுல தண்ணி சொட்டுது." ஸ்கூட்டரில் போனால் இருபது நிமிஷம், அன்றைய மழையில் முக்கால் மணி நேரம் ஆனது. டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தேன். வளவுக்கும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவே, இரண்டு கூரைச் சரிவும் வந்து சேருகிற பள்ளத்தில் ஏழெட்டு ஓடு விலகிக் கிடந்தது. குரங்கு வேலையாக இருக்கும். மயிலாகவும் இருக்கலாம், இப்போது நம் வீதியில் மனிதரைவிட மயில்தான் அதிகம். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பரில் இறங்கி, அதற்கடியில் உள்ள கைமரத்தின் மேலேயே வழிந்து போய்ச் சுவர்த் தலைப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அப்பத்தாவின் அறை. அங்கே இருந்த பித்தளை அண்டாவை இழுத்துப் போட்டுத் தண்ணீர் பிடித்தோம். அண்டாவின் கழுத்தில் ஐயாவின், அதாவது எங்கள் தாத்தாவின், விலாசம் (குடும்பப் பெயரெழுத்து) வெட்டியிருக்கிறது. மழை விடும் வரைக்கும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கொத்தனார் வந்து ஏறிப் பார்த்தார். பள்ளத்தைப் பிரித்து, இற்றுப்போன ரீப்பரை மாற்றி, பழைய ஓட்டில் நல்லதைப் பொறுக்கித் திரும்ப வேய்ந்து, சுவர்த் தலைப்பைச் சுண்ணாம்பு வைத்துப் பூசிக் கொடுக்க 48,000 ரூபாய் என்றார். "இந்த வருசம் விட்டா கைமரம் போகும். கைமரம் போனா உத்திரம். அப்புறம் நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம், சாமான் எடுக்கிறவரைக் கூப்பிடுங்க." நம் வீட்டுக்குப் பதினாறு புள்ளி. ஒரு புள்ளிக்கு 3,000 ரூபாய். குடும்ப வாட்ஸாப் குழுவில் படத்தோடு போட்டேன். நீல டிக் வந்தது. அடுத்த நாள் யாரோ ஒருவர் பேரனின் பிறந்தநாள் கேக் படம் போட்டார், நாற்பது வாழ்த்து. ஓட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் குழுவை விட்டுவிட்டு ஊரறிய எழுதுகிறேன். நம் வீட்டுக் கதைதான் எதிர் வீட்டுக்கும், அடுத்த வீதிக்கும், அநேகமாகப் பக்கத்து ஊருக்கும்.

பேசாமல் இருப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று நான் நினைக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். வீட்டைக் கட்டியவருக்கு நான்கு மகன்கள், ஆளுக்குக் கால். எங்கள் ஐயாவுக்கு நான்கு மகன்கள். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, மாகாணி, பதினாறில் ஒன்று. அப்பச்சிக்கு நாங்கள் ஐந்து பேர், ஆச்சிமார், அதாவது அக்காமார், இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்குக் காணி, அதாவது எண்பதில் ஒன்று. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு அரைக்காணி. பேரப்பிள்ளைகள் காலத்தில் முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று. கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கில் நம் முன்னோர் பழகிய மிகச் சிறிய பின்னங்களில் ஒன்று அது. நம் வீட்டுப் பங்கு அதுவரைக்கும் வந்துவிட்டது. முந்திரிப் பங்கு வைத்திருப்பவன் கூரை ஏறிப் பார்ப்பானா? நம் வீடு எல்லாருக்கும் சொந்தமாக இருப்பதால்தான் அதன் ஓடு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

வீட்டில் குடியிருந்த கடைசித் தலைமுறை நான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் வந்து செல்ஃபி எடுத்துவிட்டு "அரண்மனை மாதிரி இருக்கே" என்கிறார்கள். அரண்மனையில் ஒரு ராஜாதான் இருப்பார். இங்கே பத்துப் பதினைந்து அடுப்பு எரிந்தது. கல்யாணம் ஆன மகனை வேறு வைப்பது நம் வழக்கம். வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, இரண்டாங்கட்டுக்கு அப்பால் ஆளுக்கு ஓர் அடுப்பு. மருமகள் மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டு தனிக் கணக்கு, தனிச் சமையல். கூட்டுக்குடும்பம் என்று வெளியே சொல்வார்கள். உள்ளே ஒவ்வொரு புள்ளியும் தனிச் சமஸ்தானம். முகப்பில் ஆண்கள், கணக்குப்பிள்ளை, பெட்டகம். வளவில் கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும் துக்கமும். அடுப்படியில் பெண்கள் ராஜ்யம். பின்வாசலைத் திறந்தால் அடுத்த வீதி. ஒரு வீதியில் முகப்பும் மறு வீதியில் பின்கட்டுமாக வீடு ஒரு முழு வரிசையையே அடைத்துக்கொண்டு நிற்கும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் போய்ப் பாருங்கள், எல்லா இடத்திலும் இதே ஒழுங்குதான்.

மழையை வெளியே தள்ளுகிற வீடு இல்லை இது, உள்ளே கூப்பிடுகிற வீடு. நாலு பக்கச் சரிவும் வளவு முற்றத்தைப் பார்த்து இறங்கும். சின்ன வயதில் மழை வந்தால் எங்களுக்கு வேலை, அண்டாவையும் கிடாரத்தையும் முற்றத்து ஓரம் வரிசையாக வைப்பது. நிரம்பியது போக மிச்சம் கால்வாயில் இறங்கி வெளியே போகும். வீதியின் தண்ணீர் ஊருணியில் போய்ச் சேரும். ஆற்றுப் பாசனம் இல்லாத செம்மண் பூமியில் இப்படித்தான் கோடையைத் தாண்டினோம். தரைமட்டத்துக்கு மேலே இவ்வளவு உயரத்தில் வீடு ஏன் என்று கேட்டால், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பயம் இன்னும் போகவில்லை என்று அப்பத்தா சொல்வார். அது கதையோ வரலாறோ, படி ஏறி ஏறி எனக்கு முழங்கால் போனது மட்டும் உண்மை. முற்றத்தில் தண்ணீர் கொட்டுவது வீட்டின் அழகு. அதே தண்ணீர் பள்ளத்து ஓட்டைத் தாண்டி மூன்று அங்குலம் தள்ளிச் சொட்டினால் அதுதான் எமன்.

இந்த வீடு எந்தக் காசில் வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்கும் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொடுத்து வாங்கிய வட்டி இது. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பூப்போட்ட பீங்கான் ஓடு ஜப்பானிலிருந்து வந்தது. தரைக்கல் மட்டும் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி நம் மண்ணைச் சேர்த்துக் கையால் செய்தது. 1930-இல் விலைகள் விழுந்தன. கடன் வாங்கிய பர்மா விவசாயி பணத்துக்குப் பதில் வயலைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நிலம் 1938-இல் 25 பங்கானது. அது ஜெயித்த கணக்கு இல்லை, மாட்டிக்கொண்ட கணக்கு. வயலை இழந்த குடியானவனுக்கு நம் மேல் வந்த கோபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், கால்நடையாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1960-களில் கடையும் போனது. கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நட்ட தேக்குத் தூண் மட்டும்தான் அந்தக் காசில் மிச்சம்.

அந்தத் தூணும் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதிக்கு நான் அடிக்கடி போவதுண்டு. வாங்குவதற்கு இல்லை, துக்கம் விசாரிக்கப் போவது மாதிரி. நிலை, கதவு, தூண், ஊஞ்சல் பலகை, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். போன வருஷம் ஒரு கடை வாசலில் கஜலட்சுமி வைத்த நிலை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம், கழுத்தில் விலாசம். நம் வீதியில் வடக்குக் கடைசியில் இருந்த வீட்டு விலாசம். அந்த வீட்டில் நான் முன்னோருக்குப் போடும் படைப்புச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். கடைக்காரர் நல்ல மனிதர், "வேணும்னா எடுத்துக்குங்க, விலை பாத்துப் போட்டுத் தாரேன்" என்றார். நான் குடத்தை வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் நம் பக்கத்து வீடு ஒன்றைத் திரும்ப எழுப்பிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நன்றாகவே வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ச் சேர்ந்த மரம் கொடுத்து வைத்தது. ஆனால் நம் வளவை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க எனக்கு மனசில்லை.

விற்றவர்களைத் திட்ட இந்த மடலை எழுதவில்லை. டயாலிசிஸ் செலவுக்காகக் கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியும். பிள்ளை படிப்புக்குப் போட்டவரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அப்புறம், இடித்து விற்றால் கிடைக்கும் தொகை காதில் விழுகிற அளவுக்குப் பெரிதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். தேக்குக்கு விலை உண்டு, சுவருக்கு இல்லை. சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுப் புளிக்க வைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய சுவர் அது. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். பொக்லைன் வந்தால் அது வெறும் குப்பை. அள்ளிப் போக நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

பழுது பார்க்கிறேன் என்று நாம் செய்கிற கொடுமையும் இருக்கிறது. இதில் முதல் குற்றவாளி நான்தான். பன்னிரண்டு வருஷம் முன்னால் பின்கட்டுச் சுவரில் பொருக்கு உதிர்ந்தபோது அவசரத்துக்கு சிமென்ட் பூசச் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்தது. நாலாவது மழைக்கு சிமென்ட் பத்தை பத்தையாக விழுந்தது, விழும்போது பழைய பூச்சையும் செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தாத்தா சாரத்தில் நின்று பூசிய சுவர் அது. நாம் "எங்கள் வீடு" என்கிறோமே, சுண்ணாம்பு அரைத்தவர், நிலை இழைத்தவர், ஓடு சுட்டவர் எல்லாருடைய பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு வேலைகூடக் கொடுக்காமல், "பழைய வேலை தெரிஞ்ச ஆளே கிடைக்கலை" என்று நாம் சொல்வது நியாயம் இல்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்க 2012-லேயே சட்டம் போட்டார்கள். நல்லது, நடக்கட்டும். எந்தப் பட்டியலும் பள்ளத்து ஓட்டைச் சரி செய்ய ஏணி எடுத்து வராது. இன்னும் சிலர் ஓட்டலாக்கலாம் என்கிறீர்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் கொத்தமங்கலத்திலும் நன்றாக நடத்துகிறார்கள், பழைய முறையிலேயே பழுது பார்த்தவர்களும் உண்டு. ஆனால் வீதிக்கு வீதி ஓட்டல் வைத்தால் தங்குவதற்கு யார் வருவது? ஷூட்டிங் வாடகை பற்றி என்னிடம் பேசாதீர்கள். தூணில் ஆணி அடித்துவிட்டு, வளவில் போலி ரத்தம் ஊற்றிவிட்டு, ஆத்தங்குடிக் கல்லில் கறை போகவில்லை என்றால் "தின்னர் போட்டுத் தொடைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான்.

நகரக் கோவிலுக்கு, அதாவது நம் நகரத்தார் கோவிலுக்கு, புள்ளி வரி கொடுக்கிறோம். எந்த நாட்டில் இருந்தாலும் கொடுக்கிறோம். கல்யாணம் ஆனதும் புதுப் புள்ளியாகப் பேர் எழுதிக்கொள்கிறோம். வரி பாக்கி வைத்தால் கூச்சப்படுகிறோம். பணக்காரப் புள்ளியோ ஏழைப் புள்ளியோ ஒரே தொகை. காரியக்காரர் கணக்கு வைப்பார், வருஷா வருஷம் கணக்கு வாசிப்பார். எத்தனையோ தலைமுறையாகக் கோவில்கள் நிற்பது இந்த ஏற்பாட்டில்தான். அதே மாதிரி ஓட்டுக்கு ஒரு புள்ளி வரி வையுங்கள். பெரிய வீதி முழுக்கச் சேர்த்து. வீட்டை விற்பதா வைத்திருப்பதா, ஓட்டலா பள்ளிக்கூடமா, யார் பங்கு எவ்வளவு, அந்தப் பேச்செல்லாம் தனியே நடக்கட்டும், இருபது வருஷம்கூட நடக்கட்டும். அதுவரைக்கும் கூரையில் தண்ணீர் இறங்கக் கூடாது. விற்பதாக முடிவானாலும் நனையாத வீட்டுக்குத்தான் முழு வீடாக விலை வரும்; நனைந்த வீட்டை மரமாகத்தான் எடைபோடுவார்கள். ஆகவே விற்க வேண்டும் என்பவரும் இதற்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

வேலை இவ்வளவுதான். ஆடி, ஆவணியில் ஒரே கொத்தனார் குழு வீதியின் ஒரு கடைசியில் ஏறி மறு கடைசியில் இறங்க வேண்டும். பள்ளம் கூட்டுவது, விலகின ஓட்டை மாற்றுவது, சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது, முற்றத்துக் கால்வாயில் அடைப்பு எடுப்பது. அரசங்கன்றை வெட்டினால் போதாது. வெட்ட வெட்ட வேர் தடிக்கும். வீட்டுக்கு வீடு தனியாக ஆள் கூப்பிட்டால் சாரம் கட்டும் கூலியே பாதியைத் தின்றுவிடும், வரிசையாகச் செய்தால் அது பகிர்ந்து போகும். கையால் செய்த பழைய ஓடு இப்போது கிடைப்பது குறைவு. இடிகிற வீட்டு ஓட்டை விலைக்கு வாங்கிப் பொதுவில் ஓரிடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். வடக்குக் கடைசி வீட்டு ஓடாவது நம் வீதியிலேயே தங்கியிருக்கும்.

எழுத்தில் வைக்க வேண்டும் என்று சில தம்பிமார் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற சாதி நாம். வீட்டுக்கு எழுதாமல் வாய்வார்த்தையில் விட்டதுதான் ஆச்சரியம். ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த ஆள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்ப வீடாக இருக்கும் பட்சத்தில் அந்தப் பங்கை நியாய விலைக்கு நாமே வாங்கிக்கொள்ள 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி விடுகிறது. பிரிக்க முடியாத சொத்து என்றால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்கும்போது ஏலம் விட்டுக் காசைப் பிரிக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் இந்த இரண்டில் எது நடக்கும் என்று எந்த வக்கீலும் அடித்துச் சொல்ல மாட்டார். "விற்பதானால் முதலில் பங்காளியிடம் கேட்கிறேன், தூணாகவும் நிலையாகவும் பிரித்து விற்க மாட்டேன்" என்று இரண்டு வரி நாமே எழுதிக்கொள்வது மேல். டிரஸ்ட் வைப்பதைப் பிறகு பார்ப்போம், பத்துப் பேர் கூடினால் தானாக அந்தப் பேச்சு வரும்.

அந்தக் காகிதத்தில் ஆச்சிமார் கையெழுத்தும் இருக்க வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்குச் சீர் செஞ்சாச்சு, வீட்டுல என்ன பங்கு" என்று போன படைப்பில் ஒரு பெரியவர் சொன்னார். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருந்திவிட்டது, இந்தியா முழுக்க 2005-இல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓடு ஒழுகுகிறது என்று போட்ட அந்தச் செய்திக்கு மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு, "தம்பி, அப்பத்தா அறையா ஒழுகுது?" என்று கேட்டது ஒரே ஒரு ஆள். திருச்சியில் இருக்கும் எங்கள் பெரிய ஆச்சி.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரிய வீதியில் நடந்தால் விளக்கு எரிகிற வீடு நான்கு. அதில் ஒன்று எதிர் வீடு. எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், துணைக்கு ஒரு பெண். அறுபது எழுபது பேர் புழங்கிய வீட்டில் இரண்டு பேர். காலையில் முகப்பு முழுக்கப் பெருக்கி, முடியாமல் போனாலும் உட்கார்ந்துகொண்டே கோலம் போடுகிறார். ஒழுகாத அறை பார்த்துப் பார்த்து இந்த ஐந்து வருஷத்தில் மூன்று அறை மாறிவிட்டார். "எனக்கு அப்புறம் என்னமும் பண்ணிக்கட்டும், அதுவரைக்கும் தலையில தண்ணி விழாம இருந்தாப் போதும்" என்றார் என்னிடம். அந்த வீட்டுப் புள்ளிகளில் யாராவது இதைப் படித்தால், நம் வீட்டுக்கு முன்னால் உங்கள் வீட்டில் ஏணி வைக்கச் சொல்லி விடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

ஆடி பதினெட்டு முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வருகிறார். நான் முகப்புத் திண்ணையில் இருப்பேன். ஊரில் இருப்பவர்கள் வாருங்கள், காப்பி இருக்கும். வர முடியாதவர்கள் போனில் கூப்பிட்டால் கேமராவில் கூரையைக் காட்டுகிறேன். புதிதாக ஒரு கணக்கு நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, வீதியில் உள்ள வீடுகளின் விலாசத்தை வடக்கிலிருந்து தெற்காக எழுதி வைத்திருக்கிறேன். இடிந்துபோன கடைசி வீட்டுக்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன். நம் வீட்டுப் பக்கத்தில் இதுவரைக்கும் வரவு இரண்டு: என் புள்ளி 3,000. திருச்சி ஆச்சி 3,000.

இப்படிக்கு,
வீட்டுச் சாவி வைத்திருக்கும் பங்காளி
காரைக்குடி